என் மனைவி ஃபைலில் கேட்ட கேள்வி

ஒரு மார்ச் மாதப் பகல். என் மேஜைக்கு ஒரு ஃபைல் வந்தது. பழுப்பு அட்டை, சிவப்பு நாடா, அட்டையின் மேல் டீ கிளாஸ் வைத்த ஈர வட்டம். பியூன் வழியில் கேன்டீனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பிரித்தேன். உள்ளே ஆங்கிலத்தில், உருண்டை உருண்டையான எழுத்தில் ஒரு குறிப்பு. நடப்பிலிருக்கும் கம்ப்யூட்டர் எடிட்டரில், பத்துக் கட்டளைகளுக்கு ஒருமுறை இயங்கும் ஒரு பகுதியின் நோக்கம் விளங்கவில்லை. அதை எழுதியவரான திரு. பத்ரன் அன்புகூர்ந்து தெளிவுபடுத்தலாம். அதன் கீழே எங்கள் டெபுடி டைரக்டர் சக்ஸேனா, பச்சை மசியில், 'திரு. பத்ரன் பார்க்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

குறிப்பை எழுதியவள் பெயர் கோமதி. என் மனைவி.

அன்று காலை எனக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் டப்பாவில் கட்டிக் கொடுத்தவள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து என்னோடு ஒரே சார்ட்டர்டு பஸ்ஸில் வந்து, என் மேஜைக்குப் பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்திருப்பவள். அந்தப் பதினைந்து அடியைக் கடந்து வர அவள் கேள்விக்கு மூன்று நாள் ஆகியிருந்தது.

அப்படித்தான் வரவேண்டும் என்று சொன்னவன் நான்.

போன வாரம் இந்தப் பத்தியில், குவார்ட்டர்ஸ் அலாட்மென்டுக்காக நான் அலைந்த கதையைப் படித்த ஒரு வாசகர், 'உங்கள் மனைவியும் அதே அலுவலகம் என்று எழுதுகிறீர்கள், ஆனால் வீட்டுக்குள் மட்டும்தான் அவரைக் காட்டுகிறீர்கள், ஏன்?' என்று கேட்டிருந்தார். சரியான இடத்தில் குத்தியிருக்கிறார். இந்த வாரம் அதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை.

பத்ரன் வாலா

கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எழுபதுகளில் எங்கள் அரசு மையத்தில் இருந்த கம்ப்யூட்டர், ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும் மெயின்ஃப்ரேம். அந்தக் கூடத்துக்கு மட்டும் ஏ.சி. உண்டு. ஜூன் மாதத்தில் எல்லா அதிகாரிகளுக்கும் திடீரென்று அந்தக் கூடத்தில் வேலை வந்துவிடும். கை கட்டிக்கொண்டு இயந்திரத்தை ஆராய்வது போல நிற்பார்கள்.

முதலில் புரோகிராமை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தோம். ஒரு வரிக்கு ஓர் அட்டை. ஒரு எழுத்து தப்பினால் அட்டையை மாற்றவேண்டும். பிறகு டைப்ரைட்டர் மாதிரி டெர்மினல்கள் வந்தன. அட்டை இல்லாமல் நேராக இயந்திரத்துக்குள் புரோகிராமை எழுதவும் திருத்தவும் ஒரு எடிட்டர் வேண்டியிருந்தது. அதை எழுதியவன் நான். இரண்டு வருஷம், இயந்திரத்தின் சொந்தப் பாஷையில், ஒற்றை ஆளாக.

இன்றைக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு நேரத்தில் ஒரு வரிதான் தெரியும். 120 என்று தட்டினால் நூற்றிருபதாம் வரியைக் காட்டும். அதில் எதை எதுவாக மாற்றவேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் மாற்றும். கதவில் தபால் போடுகிற ஓட்டை வழியாக வீட்டுக்குள் பார்க்கிற மாதிரிதான். ஆனால் அட்டையோடு மாரடித்தவர்களுக்கு அது சொர்க்கம். அதற்கு நான் ஏதோ ஒரு கம்பீரமான பெயர் வைத்தேன். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. 'பத்ரன் வாலா', அதாவது பத்ரனுடையது என்றுதான் சொன்னார்கள். அலுவலகத்தில் இருநூறு பேர் தினமும் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். இந்தச் சுகத்தை அனுபவித்தால்தான் தெரியும்.

அவள் கேட்ட நாட்கள்

கோமதி திருநெல்வேலிக்காரி. கணக்கில் எம்.எஸ்ஸி. கல்யாணமாகி டெல்லிக்கு வந்த மறு வருஷம் எங்கள் மையத்திலேயே பஞ்சிங் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். எம்.எஸ்ஸி. படித்தவள் பிறர் எழுதியதைத் துளையிட்டுக்கொண்டிருந்தாள். துளையிட்டபடியே படித்தும்விட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

துறைப் பரீட்சை எழுதப்போகிறேன் என்றபோது நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அடுக்களை மேடையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். "ஏங்க, இந்த வரி மறுபடி மேல போவுதே, எப்ப நிக்கணும்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?" நான் கோதுமை மாவுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுவேன். கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு பார்ப்பாள். புரிந்ததும், "ஆங்! அப்பிடிச் சொல்லுங்க" என்பாள்.

அந்த 'ஆங்'குக்காக நான் இன்னும் நான்கு கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருப்பேன். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று உலகத்தில் ஒருத்தி நம்பிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கொஞ்சல் கிஞ்சல் எல்லாம் கிடையாது. கேள்விதான்.

பரீட்சையில் பாஸ் செய்து புரோகிராமர் ஆனாள். ஊரெல்லாம் மைசூர்பாகு கொடுத்தேன். அவள் எனக்கு ஒரு படி கீழே இருந்தவரை நான் மிகவும் பெருமையுள்ள புருஷனாகத்தான் இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

கர் கீ பாத்

எண்பத்திரண்டில் ஏஷியாட் விளையாட்டுப் போட்டிகள் நடந்து முடிந்த சமயம். டெல்லியில் மேம்பாலங்களும் கலர் டி.வி.யும் வந்திருந்தன. எங்கள் மையத்துக்குத் திரையுள்ள டெர்மினல்கள் வந்தன. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, ஒரே நேரத்தில் இருபத்துநான்கு வரி.

அந்தத் திரையில் என் எடிட்டர் ஒற்றை வரியைக் காட்டிக்கொண்டு நின்றது. மீதி இருபத்துமூன்று வரியும் காலி. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

புதிதாக்க வேண்டும் என்றார் சக்ஸேனா. என்னைத்தான் கூப்பிடுவார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். கூப்பிடவும் செய்தார். லக்னோக்காரர், கடுமையானதையும் வெற்றிலையில் மடித்துக் கொடுப்பார்.

"பத்ரன் ஜி, ஆப் நே பனாயா ஹை. ஆப் தோடேங்கே நஹீ" என்றார். நீங்கள் கட்டியதை நீங்கள் இடிக்கமாட்டீர்கள் என்று அர்த்தம். பிறகு, "கோமதி ஜி கோ தே தியா. கர் கீ ஹீ பாத் ஹை" என்று சிரித்தார். கோமதியிடம் கொடுத்துவிட்டேன், உங்கள் வீட்டுக்குள்ளேதானே போகிறது என்கிறார்.

அந்த வாரம் முழுக்க எல்லோரும் அதையே சொன்னார்கள். பக்கத்து மேஜை நேகி, கட்வால் மலைக்காரர், நல்ல மனிதர், என் கையைப் பிடித்துக் குலுக்கி, "கர் கீ பாத் ஹை, பத்ரன் பாயி" என்றார். அவரை அடிக்கலாம் போல இருந்தது. வேறு யாரோ ஒரு பயல் என் எடிட்டரைத் தொட்டிருந்தால் நான் வெளிப்படையாகச் சண்டை போட்டிருப்பேன். பெண்டாட்டியோடு எப்படிப் போடுவது? மென்று விழுங்கினேன். இறங்கவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் கோமதியின் முகம் விளக்கேற்றின மாதிரி இருந்தது. "உங்ககிட்ட கேட்டுக் கேட்டே முடிச்சிருவேன்" என்றாள்.

"ஆபீஸ் விஷயம் ஆபீஸோட இருக்கட்டும். ஏதாவது வேணும்னா முறைப்படி எழுதிக் கேளு" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிய அவளுக்கு இரண்டு ஸ்டாப் ஆயிற்று.

புகைச்சல்

அந்தக் குளிர்காலத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். அவள் நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். பச்சை எழுத்துகள் திரையில் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்து, "அரே வா!" என்று வியப்பார்கள். ஒவ்வொரு 'வா'வும் என் முதுகில் விழும். நான் திரும்பமாட்டேன். திரும்பாமலே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சொல்வேன்.

வீட்டில் அவள் சந்தோஷமாக இருந்தாள். சந்தோஷமாக இருப்பவர்கள் கையில் ரசம்கூட நன்றாக வரும் போல. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரியில் சக்ஸேனாவுக்குப் போட்டுக் காட்டினாள். எல்லாம் சரி, ஆனால் நடுநடுவே திரை ஒரு கணம் உறைந்து நின்றது. "ஏ அடக்தா க்யோன் ஹை?" என்று கேட்டார் சக்ஸேனா. ஏன் இப்படி நிற்கிறது?

அவள் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். என் பழைய எடிட்டரிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட ஒரு பகுதி. பத்துக் கட்டளைகளுக்கு ஒருமுறை எதையோ டிஸ்கின் ஒரு மூலையில் எழுதிவைக்கும். அந்த மூலையை எடிட்டரில் வேறு எந்த வரியும் படிப்பதில்லை. எதற்கு என்று ஒரு விளக்கமும் எழுதி வைக்கவில்லை நான். விளக்கம் எழுதுவது சோம்பேறிகளுக்கான வேலை என்று நினைத்த வயது.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். "பத்துக்கு ஒருக்க எதையோ எழுதி வைக்குல்லா, அது என்னத்துக்குங்க? யாரும் படிக்க மாட்டேங்காங்களே."

எனக்குத் தெரியும். டெல்லியில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ள இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குள் இயந்திரம் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதற்காகத்தான் அந்த நகல். கரண்ட் வந்து இயந்திரத்தை மறுபடி கிளப்பும்போது, கிளப்புவதற்கான அட்டைக்கட்டில் இருக்கும் இன்னொரு சின்ன புரோகிராம் அந்த நகலைப் படித்து, அவரவர் வேலையை அவரவர் இடத்தில் வைத்துவிடும். அந்த அட்டைக்கட்டும் என் பொறுப்பு. யாருக்கும் இது தெரியாது. கரண்ட் போனாலும் இயந்திரம் தானே நினைவு வைத்துக்கொள்கிறது என்றுதான் அலுவலகமே நினைத்திருந்தது. அவளும்தான்.

ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். தட்டில் மோர் சாதம் இருந்தது, நாக்கும் இருந்தது.

"எழுதிக் கேளுன்னு சொன்னேனே" என்றேன்.

"சரி, எழுதிக் கேக்கேன்" என்றாள்.

பதில்

அப்படி வந்த ஃபைல்தான் அந்த மார்ச் மாதப் பகலில் என் மேஜையில் கிடந்தது.

அதை ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். பொறாமையிலும் ஒரு கணக்கு ஓடும். மார்ச்சில் கரண்ட் போகாது. ஏப்ரலில் புது எடிட்டரை எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். மே மாதம் வெயில் ஏறும், லூ என்கிற அனல்காற்று வீசும், டெல்லி முழுக்கக் கூலர் ஓடும். அப்போது கரண்ட் போகும். அன்றைக்கு எல்லோரும் யாரைத் தேடி வருவார்கள்? நான் காத்திருந்தால் போதும்.

பேனாவை எடுத்து, ஆங்கிலத்தில், அவள் குறிப்புக்குக் கீழே எழுதினேன். 'இதுபற்றித் தெரிவிக்க ஏதுமில்லை.' கையெழுத்து, தேதி. ஃபைல் மறுபடி சக்ஸேனா வழியாக மூன்று நாள் நடந்து அவளிடம் போயிற்று. பதினைந்து அடி தள்ளி அவள் அதைப் பிரித்துப் படிப்பதை ஓரக்கண்ணால் பார்த்தேன். படித்தாள். நாடாவைக் கட்டினாள். அந்தப் பகுதியை எடுத்துவிட்டாள்.

அதன் பிறகு திரை உறையவே இல்லை. ஏப்ரலில் எல்லோரும் புதியதற்கு மாறினார்கள். நான் மட்டும் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தேன். 'பத்ரன் வாலா' என்ற சொல் ஒரு மாதத்தில் நின்றுபோயிற்று. 'மேடம் வாலா' என்றார்கள். காரிடாரில் அதைக் கேட்கும்போதெல்லாம் மனதுக்குள், மே மாதம் வரட்டும் என்று சொல்லிக்கொள்வேன்.

மே

வந்தது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஃபேன் நின்றது, கூலர் நின்றது, திரைகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஒருவரும் பதறவில்லை. "ஆ ஜாயேகா", வந்துவிடும் என்று சோம்பல் முறித்துக்கொண்டு, மூலையிலிருந்த மண்பானையைச் சுற்றி நின்று தண்ணீர் குடித்தார்கள். கரண்ட் போனாலும் எழுதியது எங்கும் போகாது என்று அவர்களைப் பழக்கியிருந்தது என் எடிட்டர்.

கோமதியும் அங்கே நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் நிமிஷத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்கிறேன், அது பயம் இல்லை. ஆசை.

ஜெனரேட்டர் பிடித்த பிறகும் கிளப்புகிற வேலையெல்லாம் முடிந்து, முக்கால் மணி கழித்துத்தான் இயந்திரம் எழுந்தது. ஒன்பது பேர் காலையிலிருந்து எழுதியது ஒரு வரியும் இல்லை. நேகி ஒரு துறைக்குப் பென்ஷன் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார், மறுநாள் கொடுத்தாகவேண்டும். "மேடம், மேரா ஸப் கஹாங் கயா?" என் வேலையெல்லாம் எங்கே போயிற்று என்று அவர் கேட்ட குரலில் கோபம்கூட இல்லை, நம்பமுடியாமைதான் இருந்தது. எல்லோரும் அவள் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். என் மேஜைக்கு ஒருவரும் வரவில்லை.

கூட்டத்தின் நடுவே அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. திரையைப் பார்த்தாள், டெர்மினலை விட்டு எழுந்தாள், நேராக இயந்திரக் கூடத்துக்குள் போனாள். கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. இயந்திரத்தைக் கிளப்பும் அட்டைக்கட்டை ஆபரேட்டரிடம் கேட்டு வாங்கி, நின்றபடியே ஒவ்வொரு அட்டையாகத் தள்ளிப் படித்தாள். அட்டையைப் படிப்பதில் அவளுக்கு இணை கிடையாது. ஓர் இடத்தில் கை நின்றது.

என் மேஜைக்கு வந்தாள். அலுவலகத்தில் அவள் என் மேஜைக்கு வந்ததே இல்லை. தமிழில், மற்றவர்களுக்குப் புரியாதபடி, மெதுவாகக் கேட்டாள்.

"பத்துக்கு ஒருக்க எழுதினது இதுக்குத்தானா?"

"ஆமா" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்."

நான் பேனாவின் மூடியைத் திருகினேன்.

"நான் கேட்டேம்லா" என்றாள்.

அவ்வளவுதான். திரும்பிப் போய் நேகியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லத் தட்டத் தொடங்கினாள்.

ஒரு சுழி

சரிசெய்ய அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் செய்தது போல எல்லாவற்றையும் மொத்தமாக நகல் எடுக்காமல், மாறிய வரியை மட்டும் எழுதிவைக்கும்படி செய்தாள். திரை உறையவில்லை. என்னுடையதில் கரண்ட் போனால் கடைசி ஒன்பது கட்டளைகள்வரை போகும். அவளுடையதில் ஒரு வரிக்கு மேல் போகாது.

அதைப் பார்த்தபோது நான் வெட்கப்பட்டிருக்கவேண்டும். வெட்கமும் வந்தது, ஆனால் பின்னால் வந்தது. முதலில் வந்தது பழைய வயிற்றெரிச்சல்தான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

சக்ஸேனா எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். கோமதி எழுதியதைப் பார்வைக்காக எனக்கும் அனுப்பினார்கள். 'பழைய எடிட்டரின் ஒரு பகுதியை, அதன் நோக்கம் தெரியாமல் நான் நீக்கிவிட்டேன். தவறு என்னுடையது.' மார்ச் மாதத்து ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளுடைய பணிப்பதிவில் அந்த விளக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

பார்வைக்கு வந்த காகிதத்தில், பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு சுழி போடவேண்டும். அதுதான் வழக்கம். வேண்டுமானால் ஒரு வரி எழுதலாம். 'என்னிடம் கேட்கப்பட்டது, நான் சொல்லவில்லை' என்று எழுத எத்தனை நேரம் ஆகும்? பேனா கையில்தான் இருந்தது.

சுழியைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

வீட்டில் பூகம்பம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா என்று கேட்டாள். பால் பூத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டாள். ஊரிலிருந்து என் அண்ணன் வரும்போது எந்த ரயில் என்று கேட்டாள். எல்லாம் கேட்டாள்.

ரிங் ரோடு

ஆகஸ்ட் மாதப் புழுக்கம். மழை வரும் வரும் என்று வராமல் இருந்த ஒரு மாலை. சார்ட்டர்டு பஸ் ரிங் ரோட்டில் நெரிசலில் சிக்கி நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் கோமதி, பக்கத்தில் நான், முன் ஸீட்டில் நேகி.

அவள் மடியில் ஒரு புரோகிராமின் நீளக் காகிதம் விரிந்திருந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள், மறுபடி மேலே போனாள். எங்கோ ஒரு கணக்கு தப்பாக வருகிறது. அவள் நெற்றி சுருங்குவதை வைத்தே எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கு வெளியே பார்க்கிற மாதிரி காகிதத்தைப் பார்த்தேன். ஏழாவது வரி. ஒன்றிலிருந்து எண்ணவேண்டிய இடத்தில் பூஜ்யத்திலிருந்து எண்ணியிருந்தாள். எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

காத்திருந்தேன். இப்போது திரும்புவாள், 'ஏங்க' என்பாள். மூன்றாவது தடவை படித்தாள். பென்சிலை எடுத்தாள்.

அதன் முனையால் முன் ஸீட்டுக் கம்பியைத் தட்டினாள்.

"நேகி ஜி, ஏக் மினட். ஜரா ஏ தேக்கியே."

நேகி திரும்பி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தை என் முகத்துக்கு முன்னால் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "குச் கலத் தோ நஹீ லக் ரஹா, மேடம்" என்றார். தப்பு ஒன்றும் தெரியவில்லையாம். அவள் வேறு ஏதோ கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ சொன்னார். தப்பாகத்தான் சொன்னார். "அச்சா... அச்சா" என்று அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்தக் கவனத்தை எனக்குத் தெரியும். நேகிமேல் எனக்கு வந்த பொறாமையைப் போல் அதற்கு முன்னும் பின்னும் யார்மேலும் வந்ததில்லை.

பஸ் நகர்ந்தது. ஏழாவது வரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எந்திரிங்க, ஸ்டாப்பு வந்துட்டு" என்றாள்.